முதல் ஆயிரம் இணைப்புகளுக்கு எந்தப் பெட்டி?

ரவுட்டர் விற்பவர்கள் தரும் தாளில் முதல் வரியில் பெரிதாக நிற்பது கிகாபிட் எண். புதிதாக இணையச் சேவை தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் அதைப் பார்த்துத்தான் பட்ஜெட் போடுகிறார்கள். நாங்கள் ஒரு சிறு குழுவாகச் சேர்ந்து ஆயிரம் வீடுகளுக்கான வலைப்பின்னலுக்குப் பெட்டிகள் தேடியபோது, அந்த வரியை ஒதுக்கிவைத்துவிட்டு வேறு கேள்விகளோடு உட்கார்ந்தோம். நொடிக்கு எத்தனை பேக்கெட் (தரவின் சிறு பொட்டலம்) தாங்கும்? ஒரே நேரத்தில் எத்தனை செஷன், அதாவது உள்ளே இருக்கும் வீட்டு இணைப்பு? இந்தப் பெட்டி செத்தால் எத்தனை வீட்டில் இணையம் போகும்? அதே மாதிரி இன்னொரு பெட்டி நம் அலமாரியில் இருக்குமா? வாங்கியது, வாங்காமல் விட்டது எல்லாவற்றையும் தீர்மானித்தது பெரும்பாலும் கடைசி இரண்டு கேள்விகள்தான். யாராவது இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்கு உதவும் என்று, சோதித்தவற்றை எல்லாம் சேர்த்து எழுதிவைக்கிறேன்.

முதலில் கணக்கு

ஒரு வீட்டுக்கு 100 மெகாபிட் பிளான் விற்றாலும் எல்லா வீடும் ஒரே நொடியில் 100 மெகாபிட் இழுப்பதில்லை. இரவு நேர உச்சத்தில் மொத்தப் போக்குவரத்தை வீடுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு வீட்டுக்கு 3 மெகாபிட் வரும் என்று வைத்துக்கொண்டோம். ஆயிரம் வீட்டுக்கு 3 கிகாபிட். சராசரி பேக்கெட் 700 பைட் என்றால் டவுன்லோடு பக்கம் மட்டும் நொடிக்குச் சுமார் 5.4 லட்சம் பேக்கெட். அதற்குப் பதிலாகத் திரும்பிப் போகும் டிசிபி ஒப்புகைப் பேக்கெட்டுகள் (வந்து சேர்ந்தது என்ற பதில்கள்) தனி.

இந்தப் பேக்கெட் கணக்கு ஏன் முக்கியம்? 10 கிகாபிட் போர்ட் ஒன்றை முழு அளவு ஈதர்நெட் ஃபிரேம்களால் நிரப்பினால் நொடிக்குச் சுமார் 8.1 லட்சம் பேக்கெட்தான். அதே போர்ட்டை 64 பைட் பேக்கெட்டுகளால் நிரப்பினால் 1.488 கோடி. கம்பி ஒன்றுதான், பெட்டிக்கு வேலை பதினெட்டு மடங்கு. மென்பொருளில் பேக்கெட்டை அனுப்பும் எந்த ரவுட்டரும் பேக்கெட் எண்ணிக்கையில்தான் களைத்துப்போகும். அதனால் ஐபெர்ஃப் என்ற வேகச் சோதனைக் கருவியை ஓட்டி "10 கிகாபிட் வருகிறது பாருங்கள்" என்று யாராவது காட்டினால், அது பெரிய பேக்கெட்டில் வந்த எண் என்பதை மனதில் வைக்க வேண்டும். நாங்கள் டிரெக்ஸ் என்ற திறமூல டிராஃபிக் ஜெனரேட்டரை வைத்து, சிறியதும் பெரியதும் கலந்த பேக்கெட்டுகளால்தான் ஒவ்வொரு பெட்டியையும் அடித்துப் பார்த்தோம்.

அப்ஸ்ட்ரீம், அதாவது நமக்கு இணையம் தரும் பெரிய நிறுவனத்தின் இணைப்பைப் பொறுத்தவரை 10 கிகாபிட் போர்ட் எடுத்து, அதில் குறைந்த அளவுக்கு ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். 95-ஆம் சதமானக் கணக்கில் (உச்சமான 5 சதவீத நேரத்தை ஒதுக்கிவிட்டு) பில் வந்தால் மாதத்தில் உச்சமான 36 மணி நேரம் கணக்கில் வராது. போர்ட் பெரிதாக இருப்பது அப்போது கைகொடுக்கும்.

வாடிக்கையாளர் இணைப்பை ஏற்கும் பெட்டி

ஒரு சிறிய நிறுவனத்தின் உயிர் இருப்பது இங்கேதான். வீட்டு ரவுட்டர், பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே வரும் பிபிபிஓஇ என்ற முறையில் டயல் செய்கிறது. இந்தப் பெட்டி, வாடிக்கையாளர் பட்டியலை வைத்திருக்கும் ரேடியஸ் சர்வரிடம் கேட்டு உள்ளே விடுகிறது, வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது, முகவரி தருகிறது. பிஎன்ஜி என்பார்கள். பெரிய நிறுவனங்களின் பிரத்யேகப் பிஎன்ஜி ரவுட்டர்கள் அருமையானவை, ஆனால் அவற்றில் செஷன் எண்ணிக்கைக்கும் அம்சங்களுக்கும் தனித்தனி லைசென்ஸ் இருப்பது வழக்கம். மாற்றுப் பெட்டி ஒன்றையும் சேர்த்து வாங்கினால் எங்கள் பட்ஜெட் அதோடு முடிந்துவிடும். ஆயிரம் செஷனுக்கு அது தேவையும் இல்லை.

நாங்கள் இரண்டு வழிகளைப் பார்த்தோம். ஒன்று, மைக்ரோடிக்கின் சிசிஆர் வகை ரவுட்டர். உதாரணமாக சிசிஆர் 2116-ல் 16 ஆர்ம் கோர், 16 ஜிபி நினைவகம், நான்கு எஸ்எஃப்பி பிளஸ் (10 கிகாபிட் மாட்யூல் செருகும்) போர்ட் இருக்கின்றன. மின்சாரம் கொஞ்சமாகத்தான் தின்னும். இன்னொன்று, சாதாரண சர்வரில் லினக்ஸ் போட்டு அக்செல்-பிபிபி என்ற பிஎன்ஜி மென்பொருளை ஓட்டுவது. குழுவில் லினக்ஸ் தெரிந்தவர்கள் இருந்ததால் இரண்டாவது வழிக்குப் போனோம். லினக்ஸ் கையாள ஆள் இல்லாத இடத்தில் நான் முதல் வழியைத்தான் சொல்வேன். நள்ளிரவில் பெட்டி முன்னால் உட்காரப்போகிறவருக்கு எது பழக்கமோ அதுவே அந்த நிறுவனத்துக்கு நல்ல பெட்டி.

சர்வர் எடுக்கும்போது ஒரு சாக்கெட் உள்ளதாகப் பார்த்தோம். இரண்டு சிபியு உள்ள போர்டில் நெட்வொர்க் கார்டு ஒரு சிபியுவோடு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். மற்ற சிபியுவில் உள்ள கோர்கள் வேலை செய்தால் ஒவ்வொரு பேக்கெட்டும் இரண்டுக்கும் நடுவே உள்ள இணைப்பைத் தாண்டிப் போய்வர வேண்டும். கோர் எண்ணிக்கையைவிட ஒரு கோரின் வேகம் முக்கியம். பிழை திருத்தும் இசிசி நினைவகம், இரண்டு பவர் சப்ளை, தூரத்திலிருந்து சர்வரை நிர்வகிக்கும் ஐபிஎம்ஐ, இந்த மூன்றும் இல்லாத போர்டைத் தொடவே இல்லை.

புதுப்பிக்கப்பட்ட சர்வர்கள்தான் வாங்கினோம். வந்தவுடன் செய்ய வேண்டிய ஒரு சோதனை உண்டு, அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இரண்டு 10 கிகாபிட் போர்ட் உள்ள இன்டெல் எக்ஸ்520 கார்டு பிசிஐ எக்ஸ்பிரஸ் இரண்டாம் தலைமுறை, எட்டு லேன் (தரவு போகும் பாதை). எட்டு லேனும் கிடைத்தால் ஒரு திசையில் 32 கிகாபிட் போகும், தாராளம். எங்களுக்கு வந்த ஒரு சர்வரில் ஸ்லாட் பார்க்க எட்டு லேன் நீளத்தில் இருந்தது, கார்டும் கச்சிதமாக உட்கார்ந்தது. எல்எஸ்பிசிஐ கட்டளையை விரிவான விவரத்தோடு ஓட்டி, இணைப்பு நிலை வரியைப் பார்த்தால் அகலம் நான்கு என்று காட்டியது. ஸ்லாட் நீளம் எட்டு, உள்ளே கம்பி நான்குதான். நான்கு லேனில் ஒரு திசைக்கு 16 கிகாபிட்டே கிடைக்கும். இரண்டு போர்ட்டும் ஒரே நேரத்தில் நிரம்பினால் 20 வேண்டும். கார்டை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றியதும் எட்டு வந்தது. சர்வரை ரேக்கில் ஏற்றும் முன்னே இந்த ஒரு வரியைப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது இதைவிட நுணுக்கமானது. மேசையிலேயே ஒரு சர்வரை பிஎன்ஜியாக வைத்து, இன்னொன்றில் நூற்றுக்கணக்கான போலி பிபிபிஓஇ கிளையன்ட்களை எழுப்பி இருபக்கமும் டிராஃபிக் ஓட்டினோம். டவுன்லோடு ஏறிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நின்றுவிட்டது. மொத்த சிபியு பயன்பாட்டைப் பார்த்தால் பெட்டி சும்மா இருப்பதுபோலத்தான் தெரிந்தது. கோர் வாரியாகப் பிரித்துப் பார்த்ததும் விஷயம் புரிந்தது: முதல் கோரில் மட்டும் சாஃப்ட் இன்டெரப்ட் (பேக்கெட்டைக் கையாளும் வேலை) 100 சதவீதம், மற்றவை பாதிகூட இல்லை.

காரணம் இதுதான். நெட்வொர்க் கார்டு வரும் பேக்கெட்டுகளை ஐபி முகவரி, போர்ட் எண் ஆகியவற்றை வைத்துப் பல வரிசைகளாகப் பிரித்து, வரிசைக்கு ஒரு கோர் என்று கொடுக்கும். ஆர்எஸ்எஸ் என்பது அதுதான். ஆனால் பிபிபிஓஇ உறைக்குள் இருக்கும் ஐபி முகவரி இந்த வகைக் கார்டுக்குத் தெரியாது. தெரியாத பேக்கெட்டை எல்லாம் முதல் வரிசையிலேயே தள்ளிவிடும். அப்ஸ்ட்ரீம் பக்கத்திலிருந்து வருவது வெறும் ஐபி என்பதால் டவுன்லோடு ஒழுங்காகப் பிரிந்துபோகிறது. வீடுகளிலிருந்து வரும் அப்லோடு பேக்கெட் முழுவதும் ஒரே கோரில் விழுகிறது. அதில் பெரும்பங்கு டிசிபி ஒப்புகை. அந்தக் கோர் நிரம்பி ஒப்புகைகள் விழுந்துபோனால், எதிர்முனைச் சர்வர் வேகத்தைக் குறைத்துவிடும். பார்க்கிறவருக்கு டவுன்லோடு சரியில்லை என்று தெரிகிறது. கோளாறு இருப்பதோ அப்லோடு பக்கத்தில்.

ஈத்டூல் என்ற லினக்ஸ் கருவியில் வரிசை வாரியான எண்ணிக்கைகளைப் பார்த்து இதை உறுதிசெய்யலாம்: வாடிக்கையாளர் பக்க போர்ட்டில் பூஜ்ஜியம் என்ற வரிசை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். தீர்வு இரண்டு. லினக்ஸ் கெர்னலில் ஆர்பிஎஸ் என்ற வசதி பிபிபிஓஇ உறைக்குள் பார்த்து, வேலையை மற்ற கோர்களுக்குப் பங்கிட்டுத் தரும். எந்தெந்தக் கோர் என்பதை ஒரு வரியில் எழுதினால் போதும். இல்லையென்றால் இன்டெலின் எக்ஸ்710, இ810 போன்ற கார்டுகளில் பிபிபிஓஇ புரியும்படி ஒரு கூடுதல் புரொஃபைலை ஏற்றி, பிரிக்கும் வேலையைக் கார்டிடமே விடலாம். எங்கள் அளவுக்கு ஆர்பிஎஸ் போதுமாக இருந்தது. அதைப் போட்டதும் சுமை எல்லாக் கோர்களிலும் பரவியது, டவுன்லோடும் மேலே ஏறியது. கார்டு வாங்கும்போது "10 கிகாபிட் கார்டு" என்று மட்டும் பார்க்காமல் பிபிபிஓஇ-யை எப்படிப் பிரிக்கும் என்றும் கேட்க வேண்டியது இதனால்தான்.

இரண்டு சிறியது, ஒரு பெரியதல்ல

பிஎன்ஜியை ஒரு பெரிய பெட்டியாக வாங்காமல் ஒரே மாதிரி இரண்டாக வாங்கினோம். பிபிபிஓஇ-யில் இது கூடுதல் செலவில்லாமல் நன்றாக வேலை செய்யும். வீட்டு ரவுட்டர் "யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்கும்போது இரண்டு பெட்டியும் பதில் சொல்லும், முதலில் வரும் பதிலை ரவுட்டர் பிடித்துக்கொள்ளும். இயல்பாகவே ஏறக்குறைய பாதிப் பாதியாகப் பிரிந்துவிடும். ஒன்று செத்தால் அதில் இருந்தவர்கள் மறுபடி டயல் செய்து மற்றதில் ஏறிக்கொள்வார்கள். நிபந்தனை ஒன்றே ஒன்று: ஒவ்வொரு பெட்டியும் தனியாக மொத்த ஆயிரத்தையும் தாங்க வேண்டும். சோதனையும் அப்படித்தான் செய்தோம், ஒன்றின் கேபிளைப் பிடுங்கிவிட்டு மற்றதில் எல்லோரையும் ஏற்றினோம்.

அந்த மறுபடி ஏறும் நேரம்தான் பெட்டியின் உண்மையான பரீட்சை. மின்தடை முடிந்து ஒரு பகுதி முழுக்க மின்சாரம் வந்தால் நூற்றுக்கணக்கான ரவுட்டர்கள் ஒரே நிமிடத்தில் டயல் செய்யும். பதில் வரத் தாமதமானால் மீண்டும் மீண்டும் கேட்கும், சுமை இரட்டிப்பாகும். அக்செல்-பிபிபியில் நொடிக்கு இத்தனை கோரிக்கைக்கு மேல் எடுக்காதே என்று வரம்பு வைக்கலாம், செஷன் கூடக்கூடப் பதிலைத் தாமதப்படுத்தவும் சொல்லலாம். இரண்டையும் வைத்தோம். ரேடியஸ் சர்வரின் டேட்டாபேஸ் நல்ல எஸ்எஸ்டியில் இருக்க வேண்டும் என்பதும் இந்தச் சோதனையில்தான் தெளிவாகத் தெரிந்தது. சாதாரண நாளில் ஆயிரம் பேர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கணக்கு அனுப்பினால் டேட்டாபேஸில் நொடிக்கு மூன்று நான்கு பதிவுதான். எல்லோரும் ஒன்றாக ஏறும் அந்த நிமிடத்துக்குத்தான் எஸ்எஸ்டி.

நாட் (முகவரி மாற்றும்) வேலையையும் இதே பெட்டிகளிடமே கொடுத்தோம். உள்ளே 100.64.0.0/10 முகவரி, வெளியே ஒரு பொது முகவரியை 32 வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. முதல் 1024 போர்ட் எண்களை (கம்பி செருகும் போர்ட் அல்ல) விட்டுவிட்டால் மீதி 64,512. 32 ஆல் வகுத்தால் வீட்டுக்கு 2,016 போர்ட். இந்த ஒதுக்கீட்டை நிலையாக வைத்தால் யார் எந்த போர்ட்டில் இருந்தார் என்பதை ஒவ்வொரு இணைப்புக்கும் பதிவெழுதாமல் கணக்கிட்டே சொல்லிவிடலாம். பதிவுகளைச் சேமிக்கத் தனி வட்டு அடுக்கே தேவைப்படாமல் போனது, அது பெரிய மிச்சம். ஆயிரம் வீட்டுக்கு 32 முகவரி. ஒரு பெட்டி செத்தால் மற்றது எல்லோரையும் எடுக்க வேண்டும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் 32, ஆக 64.

நினைவகம் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. இருபது லட்சம் இணைப்புப் பதிவுகள் வைத்தாலும் ஒரு ஜிபிக்குள் அடங்கிவிடும். ஆனால் லினக்ஸ் இயல்பாக வைத்திருக்கும் உச்சவரம்பு இதற்குப் போதாது, உயர்த்த வேண்டும். நிலைபெற்ற டிசிபி இணைப்புக்கான காலாவதியும் இயல்பில் 4,32,000 நொடி, அதாவது ஐந்து நாள். அதைச் சில மணி நேரமாகக் குறைத்தோம். இல்லாவிட்டால் அட்டவணை செத்த இணைப்புகளால் நிரம்பி, கெர்னல் "அட்டவணை நிறைந்தது, பேக்கெட்டை விடுகிறேன்" என்று எழுத ஆரம்பிக்கும். கூடவே முதல் நாளிலிருந்தே புதிய முகவரி முறையான ஐபிவி6. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு /56 முகவரித் தொகுதி. பெரிய வீடியோ தளங்கள் ஐபிவி6-ல் வருவதால் நாட் வழியாகப் போகும் சுமை கண்கூடாகக் குறைகிறது.

எல்லை ரவுட்டர்

நம் வலைப்பின்னலை அப்ஸ்ட்ரீமோடு இணைக்கும் பெட்டி இது. சீக்கிரம் முடிந்த பகுதி. முழு பிஜிபி அட்டவணை, அதாவது இணையம் முழுதுக்குமான வழிகளின் பட்டியல், இப்போது ஐபிவி4-ல் ஏறக்குறைய பத்து லட்சம் வழிகள், ஐபிவி6-ல் இரண்டு லட்சத்துக்கு மேல். 2014 ஆகஸ்ட் 12 அன்று அட்டவணை 512 கே (சுமார் ஐந்து லட்சம் வழிகள்) என்ற எல்லையைத் தாண்டியபோது, அந்த அளவுக்கு மட்டும் இடம் ஒதுக்கியிருந்த பழைய ரவுட்டர்கள் உலகின் பல இடங்களில் தடுமாறின. வன்பொருள் அட்டவணை உள்ள பழைய பெட்டியை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குகிறவர்கள் இந்த நாளை நினைவில் வைக்க வேண்டும். போர்ட் வேகமாக இருக்கும், வழிகளுக்கு இடம் இருக்காது. 10 கிகாபிட் போர்ட்டுகள் நிறைந்த லேயர்-3 சுவிட்ச்சுகளிலும் இதே கட்டுப்பாடு உண்டு.

இரண்டு அப்ஸ்ட்ரீம் மட்டும் உள்ள எங்களுக்கு முழு அட்டவணை எதற்கு? இருவரிடமிருந்தும் டிஃபால்ட் வழி, அவர்களுடைய சொந்த வாடிக்கையாளர் வழிகள், இணையப் பரிமாற்ற மையத்தின் ரவுட் சர்வர் தரும் வழிகள். இவ்வளவு போதும். பிஎன்ஜிக்கு வாங்கிய அதே மாடல் சர்வரில் பேர்ட் என்ற பிஜிபி மென்பொருளைப் போட்டோம். வேறு பெட்டி வாங்கவில்லை என்பது இங்கே முக்கியம்: மூன்று சர்வருக்கும் ஒரே உதிரி சர்வர், ஒரே மாதிரி கார்டு, ஒரே மாதிரி பவர் சப்ளை. அப்புறம் ஒரு வழியை அறிவிப்பவருக்கு அதற்கு உரிமை உண்டா என்று பார்க்கும் ஆர்பிகேஐ சரிபார்ப்பு, வாடிக்கையாளர் பக்கமிருந்து போலி முகவரியில் வரும் பேக்கெட்டைத் தடுப்பது, தாக்குதல் வந்தால் ஒரு முகவரியை அப்ஸ்ட்ரீமிலேயே கழித்துவிட பிளாக்ஹோல் கம்யூனிட்டி என்ற பிஜிபி குறி. இவற்றுக்குத் தனி வன்பொருள் வேண்டாம், ஆனால் அப்ஸ்ட்ரீம் ஒப்பந்தத்தில் பிளாக்ஹோல் உண்டா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஓஎல்டியும் ஒளியும்

ஓஎல்டி என்பது வீடுகளுக்கான ஃபைபர் புறப்படும் பெட்டி, ஸ்ப்ளிட்டர் அந்த ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும், வீட்டில் அதை வாங்கும் பெட்டி ஓஎன்டி. இதில் ஓடும் ஜிபான் தரநிலை கீழ்நோக்கி 2.488 கிகாபிட், மேல்நோக்கி 1.244 கிகாபிட். ஒரு போர்ட்டில் 64 வீடு வரை தாராளமாகப் போடலாம் என்று விற்பவர்கள் சொல்வார்கள், தரநிலை 128 வரைகூட அனுமதிக்கிறது. நாங்கள் 32-ல் நின்றோம். அதற்குக் காரணம் அலைவரிசையைவிட ஒளிக் கணக்கு.

ஒரு தூரமான வீட்டை எடுத்துக்கொள்வோம். 6 கிலோமீட்டர் ஃபைபர், கிலோமீட்டருக்கு 0.35 டெசிபல் ஒளி இழப்பு என்றால் 2.1. நான்கு கனெக்டர், தலா 0.3, ஆக 1.2. ஆறு ஸ்ப்ளைஸ் (ஃபைபர் ஒட்டு), தலா 0.1, ஆக 0.6. ஸ்ப்ளிட்டர் இல்லாமலே 3.9 டெசிபல் போய்விட்டது. 64 பிரிவுக்கு எட்டு, எட்டு என இரண்டு ஸ்ப்ளிட்டர் போட்டால் தலா 10.5, மொத்தம் 21. கூட்டினால் 24.9. பி பிளஸ் வகை மாட்யூலின் வரம்பு 28. கையில் மீதி 3.1 டெசிபல்தான். மரக்கிளை விழுந்து ஃபைபர் இரண்டு மூன்று இடத்தில் ஒட்டப்பட்டால், வீட்டில் யாராவது கேபிளைச் சுவரோரம் இறுக்கி மடித்தால், அது காலி. நான்கு, எட்டு என்று 32 ஆகப் பிரித்தால் ஸ்ப்ளிட்டர் இழப்பு 17.7, மொத்தம் 21.6, மீதி 6.4. இந்த 6.4 டெசிபல்தான் வருங்காலத்தில் இரவு நேர அழைப்புகளைக் குறைக்கப்போகிற முதலீடு. போர்ட் கொஞ்சம் கூடுதலாக வாங்குவது அதற்கான விலை. சி பிளஸ் மாட்யூல் போட்டு 32 டெசிபல் வரம்புக்குப் போகும் வழியைத் தூரமான ஒரு கிளைக்காக வைத்திருக்கிறோம்.

16 போர்ட் ஓஎல்டி இரண்டா, 8 போர்ட் நான்கா? இரண்டிலும் 32 பிரிவில் 1,024 வீடுதான். 8 போர்ட்டைத் தேர்ந்தெடுத்தோம். ஒரு பெட்டி செத்தால் 256 வீடு மட்டும் போகும், ஓஎல்டியைப் பகுதிக்கு அருகில் வைத்து ஃபைபர் நீளத்தைக் குறைக்கலாம், உதிரியாக ஒன்று வாங்கவும் கட்டுப்படியாகும். தொடக்கத்தில் இரண்டும் ஓர் உதிரியும் வாங்கி, இணைப்பு கூடக்கூட மற்றவற்றைச் சேர்ப்பது என்று முடிவு.

ஓஎல்டியை வாங்கும் முன் கடனுக்கு எடுத்துச் சோதித்தவற்றில் மூன்று விஷயம் எல்லோரும் பார்க்க வேண்டியவை. முதலாவது, வேறு நிறுவன ஓஎன்டி அதில் முழுதாக வேலை செய்கிறதா. தரநிலை ஒன்றாக இருந்தாலும், ஓஎல்டி ஓஎன்டியை நிர்வகிக்கும் ஓஎம்சிஐ செய்திகளில் ஒவ்வொருவரும் கொஞ்சம் தங்கள் வழியைக் கலந்திருப்பார்கள். இணைந்ததாகக் காட்டும், விலான் (குறியிட்டுப் பிரித்த போக்குவரத்து) போகாது. அல்லது பிரிட்ஜ் முறை சரியாக இருக்கும், ரவுட்டர் முறை வராது. நாம் வாங்க நினைக்கும் ஓஎன்டி மாடலையே கொண்டுபோய்ச் செருகிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

இரண்டாவது, மின்சாரம் போகும்போது ஓஎன்டி கடைசி மூச்சில் அனுப்பும் "டையிங் கேஸ்ப்" செய்தியை ஓஎல்டி தனியாகக் காட்டுகிறதா. காட்டினால், இணைப்பு போனதற்குக் காரணம் வீட்டில் மின்தடையா, ஃபைபர் அறுந்ததா என்று மேசையிலிருந்தே தெரியும். அலாரம் பட்டியலில் இரண்டும் ஒரே சிவப்பாக வந்த ஒரு மாடலை இதற்காகவே விட்டுவிட்டோம். ஒவ்வொரு புகாருக்கும் ஆள் அனுப்பிப் பார்க்கும் செலவு, பெட்டியின் விலை வித்தியாசத்தைச் சீக்கிரமே தாண்டிவிடும்.

மூன்றாவது, ரோக் ஓஎன்டி. ஜிபானில் மேல்நோக்கி ஒவ்வொரு ஓஎன்டியும் தனக்குக் கொடுத்த நேரத்தில் மட்டும் லேசரை எரிக்க வேண்டும். ஒரு ஓஎன்டி பழுதாகி லேசரை அணைக்காமல் வைத்திருந்தால் அந்த போர்ட்டில் உள்ள 32 வீடும் விழும். எந்த வீடு என்று கண்டுபிடிக்கும் வசதி ஓஎல்டியில் இல்லாவிட்டால், ஸ்ப்ளிட்டர் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு வீட்டு ஃபைபராகக் கழற்றிப் பார்க்க வேண்டியதுதான். இந்த வசதி இருக்கிறதா என்று தாளில் பாருங்கள், பிறகு விற்பனைப் பொறியாளரிடம் செய்துகாட்டச் சொல்லுங்கள்.

ஜிபானுக்கு அடுத்த 10 கிகாபிட் தலைமுறையான எக்ஸ்ஜிஎஸ்-பான் இப்போதே வாங்கலாமா என்று நிறையப் பேசினோம். அது 1577, 1270 நானோமீட்டரில் ஓடுகிறது, ஜிபான் 1490, 1310-ல். அலைநீளம் வேறு என்பதால் அதே ஃபைபர், அதே ஸ்ப்ளிட்டரில் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம். ஓஎல்டி பக்கம் இரண்டையும் இணைக்கும் ஃபில்டர் ஒன்று வேண்டும். அதற்கு ரேக்கில் இடம் விட்டுவைத்தோம். ஃபைபரும் ஸ்ப்ளிட்டரும் ஒழுங்காக இருந்தால் மேலே பெட்டி மாறுவது எளிது. அதனால் பணத்தை நல்ல ஸ்ப்ளைசிங் மெஷின், பவர் மீட்டர், ஃபைபரில் கோளாறு எங்கே என்று காட்டும் ஓடிடிஆர் ஆகியவற்றில் போட்டோம். பச்சை ஏபிசி கனெக்டரையும் நீல யுபிசி கனெக்டரையும் ஒன்றோடொன்று செருகக்கூடாது என்பதால், ஓஎல்டி மாட்யூலுக்குப் பொருந்தும் ஒரு வகைக் கலவைப் பேட்ச் கார்டைத் தவிர மற்ற எல்லாம் பச்சை என்று ஒரே விதி வைத்தோம்.

சுவிட்ச், மாட்யூல்

நடுவில் ஒரு 24 போர்ட் எஸ்எஃப்பி பிளஸ் சுவிட்ச், அலமாரியில் இன்னொன்று. ஒரு போர்ட்டிலிருந்து இன்னொரு போர்ட்டுக்கு வீடுகள் நேரடியாகப் பேசாதபடி ஐசொலேஷன், பிராட்காஸ்ட் புயல் கட்டுப்பாடு, இரட்டை விலான் குறி, 64 பிட் எஸ்என்எம்பி (கண்காணிப்பு) எண்ணிக்கை இருந்தால் போதும். கடைசியாகச் சொன்னது சின்ன விஷயமில்லை. 32 பிட் கவுன்ட்டர் 1 கிகாபிட்டில் 34 நொடியில் நிரம்பிப் பூஜ்ஜியத்துக்கு வந்துவிடும், 10 கிகாபிட்டில் மூன்றரை நொடி. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை படிக்கும் வரைபடம் அதில் காட்டுவது வெறும் கற்பனை எண்.

ரேக்குக்குள் டிஏசி என்ற, இருமுனையிலும் மாட்யூல் பொருத்திய குறுகிய கேபிள், வெளியே 10 கிலோமீட்டர் போகும் எல்ஆர் ஒளி மாட்யூல். தாமிரக் கேபிளுக்கான 10 கிகாபிட் எஸ்எஃப்பி மாட்யூல் அதிகம் சூடாகும், சுவிட்ச்சில் பக்கத்துப் பக்கத்தில் செருக நாங்கள் விரும்பவில்லை. வேறு நிறுவன மாட்யூலைச் சுவிட்ச் ஏற்குமா, ஒளியின் அளவைப் படித்துக் காட்டுமா என்பதையும் வாங்கும் முன் செருகிப் பார்த்தோம்.

மின்சாரம்

மொத்த ரேக்கும் 500 வாட் என்று அளந்தோம். தாளில் போட்ட வாட்டைக் கூட்டாமல் சுமையோடு மீட்டரில் அளந்த எண் இது. 48 வோல்ட் 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரி அடுக்கு 4,800 வாட்-மணி, ஆனால் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும், ஆக 2,400. இன்வெர்ட்டர் இழப்பும் போக நான்கரை மணி நேரம் கிடைத்தால் பெரிது. அதே 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் அடுக்கு 51.2 வோல்ட்டில் 5,120 வாட்-மணி. 80 சதவீதம் பயன்படுத்தி, இழப்பில் பத்து சதவீதம் கழித்தால் 3,700-க்குக் கொஞ்சம் குறைவு. ஏழு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். லித்தியத்தையே வாங்கினோம். ஓஎல்டியில் ஒரு பவர் சப்ளையை நேராக 48 வோல்ட்டிலும் இன்னொன்றை இன்வெர்ட்டர் தரும் மாறுமின்சாரத்திலும் கொடுத்ததால், இன்வெர்ட்டர் செத்தாலும் ஓஎல்டி நிற்காது.

இதில் பலர் விட்டுவிடுவது குளிர்சாதனம். பேட்டரியில் ஏசி இயந்திரம் ஓடாது. 500 வாட்டும் வெப்பமாகத்தான் அந்தச் சின்ன அறையில் இறங்கும். மின்தடையின்போது காற்றை வெளியே தள்ளும் விசிறி ஒன்றை 48 வோல்ட்டிலேயே ஓடுவதாகப் போட்டு, கதவை மூடி, பேட்டரியில் முழுச் சுமையோடு ஓட்டி வெப்பநிலை எங்கே நிற்கிறது என்று பார்த்த பிறகுதான் அறையைச் சரி என்று ஒப்புக்கொண்டோம்.

தனி வழி, உதிரி அலமாரி

எல்லாப் பெட்டிகளின் சீரியல் போர்ட்டும் ஒரு சிறிய கன்சோல் சர்வரில் சேர்கின்றன. அதற்கு இணைப்பு வேறொரு நிறுவனத்தின் மொபைல் மோடம். நம் வலைப்பின்னல் விழும்போது அதைச் சரிசெய்ய அதே வலைப்பின்னல் வழியாக உள்ளே போக முடியாது என்பதால் இது முதல் நாளே வாங்க வேண்டிய பொருள்.

உதிரி அலமாரியில் இப்போது இருப்பவை: ஒரு சர்வர், கார்டு செருகப்பட்டு, லினக்ஸ் ஏற்றப்பட்டு, பிஎன்ஜி, எல்லை ரவுட்டர் இரண்டின் அமைப்புகளும் வட்டில் தயாராக, ஒரு ஓஎல்டி, ஒரு சுவிட்ச், பி பிளஸ் மாட்யூல் இரண்டு, எல்ஆர் மாட்யூல்கள், ஓஎல்டிக்கும் சர்வருக்கும் ஒவ்வொரு பவர் சப்ளை, விசிறிகள். எஸ்எஸ்டி மட்டும் எப்போதும் புதிது, புதுப்பித்ததை எடுப்பதில்லை. உதிரி ஓஎல்டியையும் ரேக்கில் மாட்டி, சேமித்த அமைப்பை ஏற்றி, சில ஓஎன்டிகள் அதில் பதிவாகின்றனவா என்று சரிபார்த்துவிட்டுத்தான் அலமாரியில் வைத்தோம். பெட்டி மாறும்போது ஃபர்ம்வேர் பதிப்பு வேறாக இருந்தால் அமைப்புக் கோப்பு ஏறாமல் போகும் மாடல்கள் உண்டு, அதனால் ஓடுகிற பெட்டியைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் உதிரியையும் சேர்த்தே புதுப்பிக்கிறோம்.

அடுத்து எப்போது வாங்குவது என்பதையும் இப்போதே எழுதிவைத்திருக்கிறோம். ஒரு ஜிபான் போர்ட்டில் உச்ச நேர டவுன்லோடு 1.7 கிகாபிட்டைத் தொட்டால் அந்தக் கிளையை இரண்டு போர்ட்டாகப் பிரிப்பது. ஒரு பிஎன்ஜியை நிறுத்தி எல்லோரும் மற்றதில் இருக்கும்போது எந்த ஒரு கோரும் 70 சதவீதத்தைத் தாண்டினால் மூன்றாவது பிஎன்ஜி. அந்தச் சோதனையை மாதம் ஒருமுறை, போக்குவரத்துக் குறைந்த அதிகாலையில் ஆரம்பித்து, பிறகு மாலை உச்சத்திலும் ஒருமுறை செய்கிறோம்.